நாலு அங்குலம்

ஒன்பது வயதில் நான் செங்கல்பட்டில் உயரமாகவும், கடலோரத்தில் இருந்த எங்கள் குடியிருப்பில் குள்ளமாகவும் இருந்தேன். இதை வீட்டில் பலமுறை சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எங்களோடு தங்கி செங்கல்பட்டில் கல்லூரிக்குப் போய்வந்தார். சொந்த ஊரான கருங்குழியில் இருந்தால் குடும்பக் கடையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று தப்பித்து வந்தவர். இன்று சிறுசேரியில் ஒரு கம்பெனியில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத அந்த மனிதர்தான் அன்று கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குக் கேப்டன். அது அவருக்குக் கடைசி வருடம். முந்தைய இரண்டு வருடமும் அணி லீக் சுற்றோடு மூட்டை கட்டியிருந்தது. இந்த முறை அரையிறுதிக்குப் போயே தீருவது என்று மாமா சபதமெல்லாம் போடவில்லை. எண்ணெய்ப் பலகாரத்தை விட்டுவிட்டார். அம்மா சுட்ட வடையை அவர் வேண்டாம் என்றபோதுதான் விஷயத்தின் தீவிரம் எங்களுக்குப் புரிந்தது.

ஆனால் அந்த அணிக்கு ஒரு விசித்திர வியாதி. சொந்த மைதானத்தில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் வெற்றி, வெளியூரில் ஆடிய மூன்றிலும் தோல்வி. வெளியே போனால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பிவிடும். அதற்கெல்லாம் காரணம் தயாராக இருந்தது. ஓர் ஊரில் நடுவர் சரியில்லை, இன்னோர் ஊரில் பிரியாணி சரியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பு மைதானத்துக்கு என்னைக் கூட்டிப்போய் விளையாட்டாக எறிவார். அங்கேயும் அதே கதைதான். "காத்து தள்ளுது பாப்பா, கடல் காத்து" என்பார். மாமல்லபுரம் பக்கமிருந்து வீசும் காற்றுக்கு அவ்வளவு கெட்ட பெயரை வேறு யாரும் வாங்கித் தந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு மைதானத்திலும் என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு வளையத்தடியில் நிற்பது அவர் வழக்கம். கல்லூரியில் கையை நீட்டினால் வலையின் நுனி என் விரலில் படும். குடியிருப்பில் எவ்வளவு எம்பினாலும் படாது.

ஒரு சனிக்கிழமை பயிற்சி பார்க்க அப்பாவும் கல்லூரிக்கு வந்திருந்தார். "பாருப்பா, இங்க வந்தா நான் வளந்துடறேன்" என்று மாமாவின் தோளிலிருந்தபடியே வலையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். அப்பா சிரிக்கவில்லை. அவர் பையில் எப்போதும் அளவு டேப் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் இருக்கும். தோட்டக்காரரின் ஏணியை வாங்கி ஏறி அளந்தார். பத்தடி உயரத்தில் இருக்க வேண்டிய வளையம் நாலு அங்குலம் கீழே இருந்தது. எதிர்ப்பக்க வளையமும் அப்படியே. அந்த உயரத்துக்குப் பழகிய கைதான் வெளியே போனால் பந்தைத் தாழ்வாக எறிந்திருக்கிறது.

கம்பத்தை யாரும் வெட்டவில்லை. இரண்டு வருடம் முன்பு தரை வெடித்துப்போனதால், பழையதைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாக சிமெண்ட் போட்டிருந்தார்கள். ரோடு போடப் போட வீடு பள்ளத்துக்குப் போகுமே, அந்த மாதிரி. நின்று போட வைத்தவர் உடற்பயிற்சி ஆசிரியர். அந்த வழவழப்பான தரைமேல் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

"சரி, யாரும் வெளிய மூச்சு வுடாதீங்க" என்றார் அவர். "அடுத்த சனிக்கெழம கடைசி லீக், நம்ம கிரவுண்டுல. ஜெயிச்சா அரையிறுதி. ரிங்கை அப்பால ஏத்திக்கலாம்."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. மாமா மட்டும் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"இல்ல சார். இப்பவே ஏத்திடலாம்."

"இன்னாடா பேசற? உனக்கு இது கடைசி சீசன். அரையிறுதி வேணாமா?"

"வேணும் சார். ஆனா வர்றவனுங்க கரெக்டா போட்டும் பந்து வுழல, நாம ஜெயிச்சிகினு கீறோம். தெரியாம ஜெயிச்ச வரைக்கும் சரி. இப்போ தெரிஞ்சி பூட்ச்சே."

ஆசிரியர் அப்பாவைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. அப்பா டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டே, "துளை போடற மெஷின நான் கொண்டு வரேன்" என்றார்.

மறுநாள் பையன்களே பலகைகளைக் கழற்றி, புதிதாகத் துளையிட்டு, நாலு அங்குலம் ஏற்றி மாட்டினார்கள். திங்கட்கிழமையிலிருந்து என் தூக்கம் போயிற்று. காலை ஐந்தரைக்கெல்லாம் மாமா என்னை எழுப்பிக் குடியிருப்பு மைதானத்துக்குக் கூட்டிப்போவார். கோட்டில் நின்று, குறுக்கே யாரும் தடுக்காமல் எறிகிற ஃப்ரீ த்ரோ அவர் நூறு எறிய வேண்டும், விழுந்ததை மட்டும் நான் எண்ண வேண்டும். முதல் நாள் நாற்பத்தொன்று விழுந்தது. கடல் காற்றைப் பற்றி அவர் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. தோள் வலிக்கு அம்மா தைலம் தேய்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை எழுபத்தாறு விழுந்தது.

சனிக்கிழமை மாலை ஆட்டம். வந்தவர்கள் ஒவ்வொருவரும் மாமாவைவிட உயரம். இருந்தும் கடைசிவரை இழுபறிதான். சில நொடிகளே பாக்கி இருந்தபோது நாங்கள் இரண்டு புள்ளி பின்னால் இருந்தோம். பந்தோடு எழும்பிய மாமாவை ஒருவன் தள்ளிவிட, தலா ஒரு புள்ளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. முதலாவது வலைக்குள் இறங்கியது. இரண்டாவது முன்விளிம்பில் பட்டு, ஒருமுறை எழும்பி, வெளியே விழுந்தது. எதிரணிக்காரன் பாய்ந்து பந்தை அணைத்துக்கொண்டான். விசில் ஊதிவிட்டார்கள். ஒரே ஒரு புள்ளியில் எல்லாம் போயிற்று.

பழைய வளையமாக இருந்தால் அது உள்ளே போயிருக்கும். எனக்குச் சத்தியமாகத் தெரியும். மாமா எதிரணிக்காரர்களிடம் போய்க் கை குலுக்கியது என் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தார். நான் அங்கே போகாமல், ஆட்டம் பார்க்க வந்திருந்த அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டேன். "நீதான் ஏத்தின! நீதான் தோத்த!" என்று அழுதுகொண்டே கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மாமா முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். வீட்டில் அம்மா வடை சுட்டு வைத்திருந்தாள். அன்றும் அவர் தொடவில்லை.

மறுநாள் ஐந்தரைக்கு யாரோ என் காலைப் பிடித்து ஆட்டினார்கள். மாமா பந்தோடு நின்றிருந்தார்.

"எழுந்திரு பாப்பா, நேரமாவுது."

"இன்னிக்கு இன்னாத்துக்கு?"

"நேத்து ரெண்டாவது த்ரோவுல கை முழுசா நீட்டல. அத்த சரி பண்ணணும்."

அரையிறுதியில் நாங்கள் இல்லை. அடுத்த வருடம் அணியில் மாமாவே இல்லை. அணியின் பனியனைக்கூடத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்கே தெரிந்திருந்தது. பாவம், மாமாவுக்குத்தான் இன்னும் உறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எடுத்துச் சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று நானும் சொல்லவில்லை. கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தேன். கோட்டில் நின்று, கையை முழுசாக நீட்டி எறிந்தார். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது.

"ஒண்ணு" என்றேன்.