ஒரு பானையோடு பின்னறைக்கு

மகளின் கலியாணம் முடிந்து எட்டாம் நாள் நான் வீட்டை விட்டு வெளியேறினேன். வெகுதூரம் ஒன்றும் இல்லை, முப்பது அடி இருக்கும். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் தாய்வீடு மகளுக்குத்தான் போகும். என் அம்மா எனக்கு எழுதித் தந்த வீட்டை நான் என் ஒரே மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். வீட்டு வளவின் பின்பக்கம் நெல் மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருந்தது. அதைக் கூட்டித் துடைத்துக் கட்டிலைப் போட்டேன். கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிவிட்டது. தனி ஆளுக்கு அந்த அறை தாராளம்.

சமைப்பதற்கு ஓர் அலுமினியப் பானை, சாப்பிட ஒரு பீங்கான் கோப்பை, ஒரு கத்தி, ஓர் அகப்பை எடுத்துக்கொண்டேன். தாழ்வாரத்தில் மூன்று செங்கல் வைத்தால் அடுப்பு. “தேங்காய் திருவ என்ன செய்வீங்க? திருவலையையாவது கொண்டு போங்கம்மா” என்றாள் மகள். “வேணாம், அது வீட்டுச் சாமான்” என்றேன். எனக்கு வீம்பு கொஞ்சம் கூடத்தான்.

ஆனால் வீம்பு மட்டும் காரணம் இல்லை. என் அம்மா எனக்கு வீட்டைத் தந்தார், குசினியைத் தரவில்லை. அவருடைய அடுப்படியில் பதினான்கு வருடம் நான் வெங்காயம்தான் உரித்தேன். அகப்பையைத் தொட்டால் “நீ இரி புள்ள, நான் பாக்கிறன்” என்பார். அன்பில்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அழுத கண்ணோடு குசினி வாசலில் நின்றேன். இனி இந்த அடுப்பு என்னுடையது என்று மனதில் ஓடியது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. என் மகள் என் சாவு வீட்டில் அப்படி ஒரு நினைப்போடு நிற்கக் கூடாது. அதற்காகத்தான் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இதில் ஒரு சொல்கூட அவளிடம் நான் சொல்லவில்லை.

ஒரு பானையில் சமைப்பது என்றால் முதலில் வரிசை பிடிபட வேண்டும். சோற்றை முதலில் வடித்தால் கறி கொதிப்பதற்குள் ஆறிப்போகும். கறியை முதலில் வைத்தால் சோற்றில் மீன் மணக்கும். ஒரு வாரம் மீன் மணக்கும் சோறுதான் தின்றேன். பிறகு கறியைப் பீங்கானில் ஊற்றி வாழையிலையால் மூடிவிட்டு, பானையைச் சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டுத் தேய்த்து உலை வைத்தேன். முருங்கை இலையைச் சோறு வேகும்போதே மேலே தூவினால் அது தனிக் கறி. பால்மா டின்னின் மூடியில் ஆணியால் துளை போட்டுத் தேங்காய் திருவினேன். தேங்காயோடு விரலும் போகும். பீங்கானில் கறி இருப்பதால் பானையில் கைவைத்தே சாப்பிட்டேன். அப்படிச் சாப்பிட்டால் கலியாணத்தில் மழை பெய்யும் என்பார்கள். என் கலியாணமும் முடிந்தது, மகளுடையதும் முடிந்தது, இனி பெய்தால் பெய்யட்டும். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த அடுப்படி பிடித்திருந்தது. ஐம்பத்தாறு வயதில் யாருடைய பசியையும் யோசிக்காமல் உலை வைக்கிறேன்.

முன்வீட்டில் நடந்ததை நான் கவனிக்காமல் இல்லை. சோறு அடிப்பிடித்த மணம் அடிக்கடி வந்தது. எழுந்து ஓடத் துடித்த காலைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குப்பை வாளியில் கடைப் பார்சல் தாள்கள் கிடந்தன. மருமகன் மட்டக்களப்பில் கந்தோர் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது கொத்து ரொட்டி வாங்கி வருகிறார். புதுசுகள், ஆசைக்கு வாங்கித் தின்னட்டும் என்று நினைத்தேன். என் பெருந்தன்மையை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் அவை.

மூன்றாம் மாதம் பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்னகா, மகள் உன்ன உலை பிரிச்சுத் தனியாச் சமைக்க உட்டிற்றாளாமே?” என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “உன்ட அடுப்பப் பாருகா” என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் கதை எனக்கு முன்பே மகளின் காதுக்குப் போயிருக்கிறது. அடுத்த நாள் மருமகன் வேலைக்குப் போன பிறகு அவள் வந்து என் பானைக்கு முன்னால் நின்றாள்.

“நான் உங்களுக்குச் சோறு போடல்லையாம். ஊரெல்லாம் சொல்லுது. நான் என்னம்மா பிழை செஞ்சன்?”

“பிழை ஒண்டும் இல்ல. உன்ட குசினிய உனக்கே உட்டுத் தந்தன்.”

“ஆரம்மா அதக் கேட்ட?”

அவள் குந்தியிருந்து அழத் தொடங்கினாள்.

“எனக்குச் சமைக்கத் தெரியாதும்மா. போன்ல பாத்துப் பாத்துக் கறி வைக்கிறன், ஒண்டும் சரிவருதில்ல. நீங்க பக்கத்தில நிப்பீங்க எண்டுதானே பயமில்லாம இருந்தன். நீங்க பானையத் தூக்கிற்றுப் போயிற்றீங்க.”

அவளுக்குச் சமைக்கத் தெரியாது என்பது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? நான்தான் அவளைப் படி படி என்று குசினிப் பக்கம் வரவே விடவில்லை. நான் ஏன் வெளியேறினேன் என்பதை அப்போதுதான் சொன்னேன், அம்மாவின் சாவு வீட்டு நினைப்பையும் மறைக்காமல். கேட்டுவிட்டு, “நான் அப்படி நினைக்கமாட்டன். வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

குசினியில் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் வாவி இறால் வாங்கி வைத்திருந்தாள். இறாலை அவிய விடாமலே தேங்காய்ப்பாலை ஊற்றினாள், நெருப்பையும் கூட்டினாள். பால் திரைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு சொல் சொன்னால் இரண்டாவது சொல் வரும், மூன்றாவதில் நான் அகப்பையைப் பிடுங்கிவிடுவேன். என் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்று முதல்தடவையாக அவர்மேல் இரக்கம் வந்தது.

சோறு போட்டுத் தந்தாள். ஒரு வாய் வைத்தேன். உப்பே இல்லை.

“நல்லா இரிக்கு” என்றேன்.

அவளும் ஒரு வாய் வைத்தாள். மென்றபடியே என்னைப் பார்த்தாள்.

“இதில உப்பே இல்ல. அதச் சொல்லத்தானேம்மா உங்களக் கூப்பிட்ட.”

கண் நிறைந்துவிட்டது. எழுந்து உப்புப் போத்தலை எடுத்துத் திறந்து அவள் கையில் கொடுத்தேன்.

“நீ போடு புள்ள” என்றேன். “இனிக் காணும், நிப்பாட்டு எண்டு நான் சொல்றன்.”