விசில் போன வண்டி

எங்கள் பட்டறையில் அவருக்குப் பெயர் டர்போ அக்கா. வைத்தது நான்தான். முதல் தடவை காதில் விழுந்தபோது முறைத்தார். அப்புறம் போன் செய்தாலே, "டர்போ அக்கா பேசறேன்" என்று அவரே ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய தொழில் காது பார்ப்பது. டாக்டர் இல்லை. ஒலி புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சத்தமாக அனுப்பி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று தாளில் கோடு போட்டுக் கொடுப்பவர். முப்பது வருடமாக இதே வேலை. ஆலைத் தொழிலாளிகள், கிழவர்கள், பேச்சு வராத குழந்தைகள் என்று ஊரில் பாதிப் பேரின் காது அவருக்கு அத்துப்படி.

வண்டிக்குப் பத்தொன்பது வயது. நாலு கதவு, சாம்பல் நிறம். நிறுத்தியிருக்கும்போது பார்த்தால் குமாஸ்தா வண்டி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால்தான் அதன் சுயரூபம் தெரியும். அந்தக் காலத்தில் பந்தயப் பைத்தியங்கள் தேடித் தேடி வாங்கிய டர்போ எஞ்சின். அக்கா எந்தப் பந்தயத்துக்கும் போனவரில்லை. பிறகு ஏன் இதை வாங்கினார் என்று ஒருநாள் ஆர்வம் தாங்காமல் கேட்டேன்.

"நாள் பூரா நான் அனுப்பற சத்தத்தை மத்தவங்க கேக்கறாங்க. எனக்குன்னு ஒரு சத்தம் வேணாமா, தம்பி?" என்றார்.

அந்தச் சத்தம் டர்போவின் விசில். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சின்ன விசிறிதான் டர்போ. வேகம் பிடிக்கும்போது ஊசி போல ஒரு மெல்லிய விசில் கிளம்பும். மற்றவர்களுக்கு அது தொல்லை. அக்காவுக்கு அதுதான் வண்டி.

அவர் காதைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது. பானெட்டைத் திறக்காமலே, "இடது முன்சக்கர பேரிங் போகப் போகுது" என்பார். நான் நம்பாமல் கழற்றிப் பார்த்து மூக்குடைபட்ட நாட்கள் உண்டு. நாலைந்து தடவைக்குப் பிறகு கழற்றிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவர் சொன்னால் சரி. அவர் ஒன்றைச் சொல்லவில்லை என்றால், அது ஒரு குறையே இல்லை. பட்டறையில் இது எழுதாத சட்டம்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. எங்கள் பட்டறைக்கு அவர் வர ஆரம்பித்த முதல் வருடமே என் கையில் இரண்டு ரப்பர் அடைப்பான்களைத் திணித்தார். "சுத்தியல் எடுக்கறதுக்கு முன்னாடி இதைக் காதுல வை. இல்லைன்னா அம்பது வயசுல என்கிட்டதான் வந்து நிப்பே." எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். ஆனாலும் அவரிடம் வாலாட்ட முடியவில்லை. பதினைந்து வருடமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னை விஞ்ஞானி என்று மற்ற பட்டறைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அக்கா வந்தார். சாவியை மேசைமேல் வைத்த விதமே சரியில்லை.

"விசில் போச்சு தம்பி."

"எப்பலேருந்து?"

"கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. இப்ப சுத்தமா இல்ல. டர்போ செத்துட்டிருக்கு. இழுவையும் முன்ன மாதிரி இல்ல."

அதற்குள் ஷோரூமுக்கும் போய் வந்திருந்தார். புது பேட்டரி கார். பழையதைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வருகிற வெள்ளிக்கிழமை நாள் குறித்தாயிற்று. ஓட்டிப் பார்த்தீர்களா என்றேன். "ஓட்டினேன். சத்தமே இல்ல. இதுவும் இப்ப அப்படித்தானே ஆயிடுச்சு. செத்ததை வெச்சுக்கறதுக்கு, பொறக்கும்போதே ஊமையா இருக்கறது மேல்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு கண்வரை போகவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள விசிலைக் கொண்டு வா. வெச்சுக்கறேன். முடியலைன்னா குடுத்துடறேன். ஆனா ஒண்ணு, முடியலைன்னா முடியலைன்னு சொல்லணும். மழுப்பக்கூடாது."

அவர் போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் கிளப்பி முடுக்கினேன். விசில் கேட்டது.

இந்த இடத்தில் என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விசில் இருக்கிறதே என்று நான் நினைக்கவில்லை. இது டர்போவின் விசிலாக இருக்காது, எங்கேயோ குழாயில் ஓட்டை விழுந்து காற்று கசிகிறது, அந்தச் சத்தம்தான் இது என்று முடிவு கட்டினேன். அக்கா இல்லை என்று சொன்னபிறகு இருக்க முடியாது அல்லவா?

காற்றுக் குழாய்கள் அத்தனையையும் கழற்றினேன். உள்ளே புகையை அடைத்துக் கசிவு தேடினேன். ஒரு இழை புகைகூட வெளியே வரவில்லை. டர்போவைத் திறந்து விசிறியை விரலால் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டி ஓட்டினேன். முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. ஏற்றத்தில் அந்தக் கிழட்டு வண்டி என் முதுகை சீட்டோடு அழுத்திக்கொண்டு பாய்ந்தது. இழுவை குறைந்ததாம்!

புதன்கிழமை அவரை வரவழைத்தேன். அவர் பானெட் பக்கம் நின்றார், நான் உள்ளே உட்கார்ந்து மிதித்தேன். விசில் என் பல்லைக் கூசவைத்தது.

"பார்த்தியா? ஒண்ணுமே இல்ல" என்றார் அக்கா.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஒரே வண்டி, ஒரே சத்தம். எனக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை. அப்படியென்றால் கெட்டுப்போனது என் காதுதான் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடம் இரும்போடு மல்லுக்கட்டிய காது. காதுக்குள் தானாகவே விசில் அடிக்கும் வியாதி உண்டென்று அக்காவே சொல்லியிருக்கிறார்.

மறுநாள் மதியம் காதைக் காட்ட அவருடைய இடத்துக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. வெளியே நாற்காலிகள், உள்ளே கனத்த கதவும் சின்னக் கண்ணாடி ஜன்னலும் வைத்த அந்த அறை. அவருடைய கணவர் மதியச் சாப்பாட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நூலகத்தில் வேலை பார்ப்பவர், இயல்பிலேயே மெல்லப் பேசுகிறவர்.

"வண்டி என்னாச்சு?" என்று கேட்டார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் இன்னும் பக்கத்தில் வந்தார். "வண்டி மட்டுமா, வீட்லயும் இதே பாட்டுதான். நான் எது சொன்னாலும் முணுமுணுக்கறேனாம். வாயைத் திறந்து பேசுங்கறா."

அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

அக்கா என்னை உள்ளே உட்கார வைத்தார். கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். வெளியே வந்ததும் தாளைக் காட்டினார். கோடு ஒரே மட்டமாக ஓடியது.

"இருபது வயசுப் பையன் காது மாதிரி இருக்கு. அடைப்பான் வைன்னு நான் திட்டினப்ப மூஞ்சியைத் தூக்கிட்டுத் திரிஞ்சியே, இப்ப பாரு." பெருமை தாங்கவில்லை அவருக்கு. பிறகு மெஷினை ஒரு தட்டுத் தட்டினார். "இதுவே தகராறு பண்ணிட்டிருந்துது. மேல் சத்தமெல்லாம் கம்மியா வருதேன்னு ரெண்டு தடவை சர்வீஸுக்கு அனுப்பினேன். ஒரு குறையும் இல்லைன்னு ரெண்டு தடவையும் திருப்பி அனுப்பிட்டான். இப்ப உதவிக்கு இருக்கற பொண்ணுதான் தினம் கேட்டு சரிபார்க்குது. அவளுக்கு நல்லாத்தான் கேக்குதாம்."

வண்டி. கணவர். மெஷின். மூன்றும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

கேட்டுவிடலாமா, விட்டுவிடலாமா? விட்டால் நாளைக்கு வண்டி போய்விடும். ஒரு பாவமும் அறியாத வண்டி. கேட்டால் போவது அதைவிடப் பெரிது. ஆனால் மழுப்பக்கூடாது என்று சொன்னவர் அவர்தானே.

"அக்கா, நீங்க கடைசியா எப்ப உள்ள உக்காந்தீங்க?"

"நானா?" என்று சிரித்தார். "நான் எதுக்கு..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த கணவரைப் பார்த்தார். முப்பது வருடம் அடுத்தவர் முகத்தில் பார்த்த ஒன்று இப்போது அவர் முகத்தில் இருந்தது.

"உதவிப் பொண்ணு சாப்பிடப் போயிருக்கா. அவ வர்றதுக்குள்ள நீயே பண்ணு. இந்தத் திருகு சத்தத்தைக் கூட்டும். இது அடுத்த சத்தத்துக்கு மாத்தும். எனக்குக் கேட்டா இந்த விளக்கு எரியும். என் மூஞ்சியைப் பார்க்காதே, விளக்கை மட்டும் பாரு."

கனத்த கதவு மூடிக்கொண்டது. தாழ்ந்த சத்தங்களுக்கு விளக்கு டக் டக்கென்று எரிந்தது. நடுவில் உள்ளவற்றுக்கும் எரிந்தது. மேலே போகப் போகத் தயங்கியது. கடைசி இரண்டுக்கு நான் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். விளக்கு எரியவில்லை. அவர் கணவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். இருவரும் எரியாத அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அழுகை எனக்குத்தான் முதலில் வந்தது. மென்று விழுங்கினேன்.

அக்கா வெளியே வந்தார். நான் வைத்த புள்ளிகளை அவரே கோடாகச் சேர்த்தார். கோடு பாதிவரை நேராக வந்து, அப்புறம் சரிந்து இறங்கியது.

"வயசுதான்," என்றார், தினமும் சொல்கிற அதே குரலில். "மேல் சத்தம்தான் முதல்ல போகும். கொஞ்சம் கொஞ்சமா போறதால ஆளுக்கே தெரியாது. மத்தவங்க முணுமுணுக்கறதா நினைச்சுப்பாங்க." அதைச் சொன்னதும் குரல் உடைந்தது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களை எவ்வளவு திட்டிட்டேன்."

கணவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்கவில்லை. கணவர் மறுபடி, தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, சத்தம் போட்டுச் சொன்னார்: "சாப்பாடு ஆறிடும்னு சொன்னேன்!" கீழே தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா ஷோரூமுக்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் விற்பனைக்காரப் பையன் என்னென்னவோ ஆசை காட்டினான் போலிருக்கிறது. கடைசியில், பழைய வண்டியில் இருந்த குறை சரியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறான்.

"குறை வண்டியில இல்லப்பா. வேற எடத்துல இருந்துது" என்று சொல்லி வைத்தார்.

பத்து நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் பயறு அளவு கருவி. அவரே அளவெடுத்து அவரே பொருத்திக்கொண்டது. வந்ததும் பானெட்டைத் திறந்தார். நான் உள்ளே உட்கார்ந்து மிதித்தேன். தலையை வெளியே நீட்டி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் கிளம்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நிறுத்து என்று கை காட்ட வெகுநேரம் ஆனது.

"பழைய மாதிரி இல்ல. கொஞ்சம் தகர டப்பா மாதிரி இருக்கு. ஆனா இருக்கு" என்றார்.

ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். முதல் திருப்பம் தாண்டியதுமே நெற்றியைச் சுருக்கினார். அடுத்த திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டினார்.

"பின் சீட்டுல கீச் கீச்னு என்ன அது?"

"பெல்ட் கொக்கிக்கா."

"இந்தக் கதவுல?"

"ரப்பர் காஞ்சு போச்சு."

"டேஷ்போர்டுல சிலிங் சிலிங்னு?"

"ஒரு கிளிப் உடைஞ்சிருக்கு."

"எப்பலேருந்து தம்பி இதெல்லாம்?"

"மூணு வருஷம் இருக்கும்."

எஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "மூணு வருஷமா இத்தனையையும் கேட்டுட்டு நீ சும்மாவா இருந்தே?"

"நீங்க கேட்டுட்டுத்தான் சும்மா இருக்கீங்கன்னு நினைச்சேன்க்கா."