ஐந்து கிழிசலும் ஒரு டேப்பும்

கிழிசல் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் தையல்காரருக்குக் கை சும்மா இருக்காது. புதுத்துணி தைக்க அவரிடம் யாரும் வருவதில்லை. முழங்காலில் கிழிந்த பேன்ட்டும் தோளில் தையல் விட்ட சட்டையும்தான் வரும். திருப்பி வாங்கும்போது, கிழிந்த இடம் எதுவென்று கொடுத்தவரே தேட வேண்டும். பேருந்தில் முன்சீட்டு ரெக்சின் கிழிந்திருந்தால்கூட மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது.

அவர் மனைவிக்குச் செடிப் பைத்தியம். தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் நேரம் போக, மீதியெல்லாம் ஜன்னலோரத்து மான்ஸ்டெராவுக்குத்தான். முறம் அகலத்துக்கு இலை விடுகிற செடி. இளம் இலைகள் முழுசாக வரும். செடி நன்றாகத் தேறின பிறகுதான் ஓரமெல்லாம் பிளந்த இலை வரும். அப்படி ஒரே ஒரு இலைக்காக நாலு வருஷமாகத் தூசி துடைத்துக் காத்துக் கிடந்தாள். இதை அவரிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும், அவரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு வாரம் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். செடியில் அப்போதுதான் ஒரு குருத்து சுருண்டு நின்றது. அதற்கு ஏதாவது ஆச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் குருத்து விரிந்தது. இடப்பக்கம் மூன்று பிளவு, வலப்பக்கம் இரண்டு. தையல்காரர் கிட்டே போய்த் தடவிப் பார்த்தார். தேய்த்த துணியை மாட்டும்போது இடித்துத் தொலைத்திருக்கிறோம் என்று முடிவே கட்டிவிட்டார். ஊசியைக்கூட எடுத்தார், நல்லவேளை, வைத்துவிட்டார். செல்லோ டேப்பை மெல்லிசாக நறுக்கி, இலைக்கு அடிப்பக்கமாக ஒட்டினார். சும்மா சொல்லக்கூடாது, வேலை அத்தனை சுத்தம்.

திரும்பி வந்தவள் பையைக்கூட இறக்காமல் ஜன்னலுக்கு ஓடினாள். இலையைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று. இதுவும் முழுசா! அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சரி, கண்டுபிடித்துவிட்டாள் என்று தையல்காரர் தாமாகவே முன்னால் வந்து நின்றார்.

“அஞ்சு எடத்துல கிழிச்சிட்டேன்மா. தெரியாமத்தான். அடியில ஒட்டியிருக்கேன்.”

அவள் எழுந்து இலையைத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும்.

“நாலு வருஷமா இதுக்குத்தாங்க காத்துக்கிட்டிருந்தேன். அதைப் போயி ஒட்டி வெச்சிருக்கீங்களே!”

பிறகு முழுக்கதையும் சொன்னாள். மிஷின் ஓடவில்லை, இந்தத் தடவை காதில் விழுந்தது.

டேப்பைப் பிரிக்கிற வேலை அவர் தலையில்தான் விழுந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாலை முழுக்கப் பிரித்தார். கடைசிப் பிளவும் திறந்துகொண்டது. எட்ட நின்று பார்த்தார், மறுபடி கிட்ட வந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். ஒரு கிழிசலைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.