ஆளுநர் சரிபார்த்த மார்க் ஷீட்

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. மறைந்த முன்னாள் ஆளுநருக்கு மும்பை மாட்டுங்காவில் புகழஞ்சலிக் கூட்டம், அனைவரும் வருக. கூடவே அவருடைய வாழ்க்கைக் குறிப்பு, இரண்டு பக்கம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். எந்த இலாகாவில் என்ன பதவி, டெல்லியில் எத்தனை வருஷம், பிறகு எந்த மலை மாநிலத்துக்கு ஆளுநர், அங்கே திறந்துவைத்த பள்ளிக்கூடங்கள், பாலங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. திலக் நகரில் அவர் குடியிருந்த வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்த வேலையெல்லாம் சர்வீஸ் ரெஜிஸ்டரில் ஏறாது.

உங்களுக்கு ‘ட்ரூ காப்பி’ ஞாபகம் இருக்கிறதா? ஜெராக்ஸ் கடைகள் தெருவுக்குத் தெரு முளைப்பதற்கு முந்திய காலம். வேலைக்கோ படிப்புக்கோ மனு போட்டால் சான்றிதழ்களை அப்படியே டைப் அடித்து, அது உண்மையான நகல்தான் என்று ஒரு கெஜட்டட் அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். நான் ஆண்டாப் ஹில்லில் குடியிருந்தேன். பகலில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட், சாயங்காலத்தில் தாராவிக்காரர்களின் சான்றிதழ்களுக்கெல்லாம் நகல் எடுப்பவன். டைப் அடிப்பது சுலபம். அதிகாரியைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. விலாசத்தில் தாராவி என்று பார்த்த மாத்திரத்தில் பியூன் “ஸாப் மீட்டிங் மே ஹை” என்பான். ஸாப் உள்ளே சமோசா தின்றுகொண்டிருப்பது கதவிடுக்கில் தெரியும்.

திலக் நகர் ஐயா மட்டும் அப்படி இல்லை. அப்போது அவர் பம்பாயில் மத்திய சர்க்கார் அதிகாரி. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக் கதவு திறந்துவிடும். ஜூன், ஜூலை மாதங்களில் மாடிப்படி முழுக்க ஆட்கள். நனைந்த குடை, பால் கவருக்குள் சுருட்டி வைத்த சான்றிதழ், முத்திரை மை எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. இன்றைக்கும் மழைநாளில் பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் எனக்கு அந்த மாடிப்படிதான் நினைவுக்கு வருகிறது. வீட்டில் பனியனோடு இருக்கிற மனிதர், கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் வேட்டிக்கு மேல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொள்வார். பித்தான்கள் ஒன்று மாறிப் போயிருக்கும். அதைச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

ஒரிஜினலைப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். பெயரளவுக்குப் பார்ப்பதில்லை, பென்சிலை எடுத்து வரிக்கு வரி டிக் அடித்துப் படிப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. மார்க்கைப் பற்றிப் பேசவும் ஆரம்பித்துவிடுவார். என் மார்க் ஷீட்டில் கணக்குக்கு எதிரே முப்பத்தெட்டு என்று இருந்தது. நான் ஆறு கம்பெனிகளுக்கு மனு போட்டேன். ஆறு தடவையும், புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி, “முப்பத்தெட்டா? ஏம்ப்பா, மிச்சம் அறுபத்திரெண்டும் எங்க போச்சு?” என்று மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்.

பிறகு டெல்லிக்கு மாற்றலாகிப் போனார். சில வருஷம் கழித்து ஆளுநராகிவிட்டார் என்று பேப்பரில் படம் வந்தது. தாராவியில் தோல் பெல்ட் பட்டறை வைத்திருந்த காதர் பாய் அன்றைக்குச் சந்து முழுக்க லட்டு கொடுத்தார். கடையநல்லூர்க்காரர். அவருடைய மகள் மும்தாஜ்தான் அந்தச் சந்தில் பன்னிரண்டாவது தேறிய முதல் பெண். நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டாள். இடம் கிடைக்காவிட்டால் நோன்பு முடிந்ததும் ஊரில் நிக்காஹ் என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார், மாப்பிள்ளையும் தயார். மனு கொடுக்கக் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது.

நான் நான்கு செட் நகல் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காதர் பாய் கையெழுத்துக்காக இரண்டு ஆபீஸ் வாசலில் மூன்று நாள் நின்று பார்த்தார். நாலாவது நாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

“தம்பி, நம்ம ஐயா ஆபீசரா இருந்தப்பவே அவர் கையெழுத்துக்கு அம்புட்டு மதிப்பு. இப்ப ஒரு ஸ்டேட்டுக்கே கவர்னரு. அவர் போட்டுக் குடுத்தா எந்தப் பய மறுப்பான்?”

சிரிக்காதீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ‘யுவர் எக்ஸலென்ஸி’ என்று தொடங்கி நானே ஆங்கிலத்தில் கடிதம் அடித்தேன், மூன்று இடத்தில் ‘மோஸ்ட் ஹம்ப்ளி’ வரும்படி. உறையை ஒட்டப் போகும்போதுதான் காதர் பாய்க்கு ஐயாவின் வழக்கம் நினைவுக்கு வந்தது. “ஒரிஜினல் பாக்காம போடமாட்டாரே!” ஆமாம், போடமாட்டார். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் ஸ்கூல் சர்டிபிகேட்டையும் உள்ளே வைத்து, ரெஜிஸ்டர் தபாலில், நாட்டின் மறுகோடியில் இருக்கும் ராஜ்பவனுக்கு அனுப்பிவைத்தோம். அனுப்பிய பெருமையில் டீ வேறு குடித்தோம்.

விஷயம் மும்தாஜுக்கு அன்று மாலை தெரிந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“இனி எந்த ஆபீசர் வாசல்ல போய் நின்னாலும் நான் என்னத்தக் காட்டுவேன், அண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரிஜினல் இல்லாமல் வேறு யாரிடமும் போகமுடியாது. தபால் தொலைந்தால் அவளுடைய பன்னிரண்டு வருஷப் படிப்புக்கு அத்தாட்சியே இல்லை. தினமும் ஆபீஸ் விட்டதும் பட்டறைக்குப் போய் நிற்பேன். வந்ததா என்று கேட்க வாய் வராது. காதர் பாய் தலையைத் தூக்காமல் பெல்ட்டுக்குத் துளை போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு வாரம் அப்படிப் போனது.

கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது சந்துக்குள் காக்கி உடுப்பு நுழைந்தது. பெரிய மீசை, கையில் தகரப் பெட்டி, தோளில் பை. “காதர் மொஹிதீன் கா கர் கிதர் ஹை?” என்று முதல் கடையில் வீட்டை விசாரித்தார். தாராவிச் சந்தில் காக்கி உடுப்பு ஒருவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் என்ன பதில் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். லைசென்ஸோ, பட்டறையை இடிக்கிற நோட்டீஸோ, எதுவாக இருந்தாலும் தேடப்படுகிறவர் ஊருக்குப் போயிருப்பார்.

“காதர்? ஐஸா கோயி நஹீ ஹை ஸாப்” என்றார் முதல் கடைக்காரர், அப்படி ஓர் ஆளே இல்லையாம். இரண்டாவது கடைக்காரர், காதர் காலி செய்துவிட்டுப் போய் ஒரு வருஷமாகிறது என்றார். மூன்றாவதாகப் பட்டறை. காதர் பாய் தோல் கட்டுக்குப் பின்னால் இருந்தபடியே, “காதர் காவ் கயா ஸாப், பீமார் ஹை” என்றார். காதர் ஊருக்குப் போய்விட்டாராம், உடம்பு சரியில்லையாம். பேன்ட் சட்டை போட்டிருந்த ஒரே ஆளான என்னைப் பார்த்துக் காக்கிக்காரர் “பக்கா?” என்று கேட்டார். நானும் என் பங்குக்குத் தலையாட்டினேன்.

அவர் பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் தூக்கித் திரும்பி நடந்தார். சந்து முனையில் குழாயடியிலிருந்து குடத்தோடு மும்தாஜ் வந்துகொண்டிருந்தாள். அவளிடமும் கேட்டார், இந்தமுறை வேறு பெயரை. “மும்தாஜ் பேகம்?”

சந்தே இருமியது. பக்கத்துக் கடைக்காரர் கண்ணால் ஜாடை காட்டினார். அவள் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்தாள்.

“மை ஹூம்” என்றாள். நான்தான்.

அவர் உடனே எதையும் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்து, “கணித் மே கித்னா?” என்று கணக்கு மார்க்கைக் கேட்டார்.

“எக்யானவே.” தொண்ணூற்றொன்று.

பையிலிருந்து பெரிய பழுப்பு உறை வெளியே வந்தது. அவர் ராஜ்பவன் காவலில் இருக்கும் ஹவில்தார். லீவில் பம்பாய் வழியாகச் சொந்த ஊர் சாத்தாராவுக்குப் போகிறவர். தபாலை நம்பாதே, நேரில் போய் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடு, அவள்தானா என்று கணக்கு மார்க்கைக் கேட்டுப் பார் என்று ஆளுநர் சொல்லி அனுப்பியிருக்கிறார். காதர் பாய் ஊரிலிருந்து அந்த நிமிஷமே திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஹவில்தாருக்கு இரண்டு பெல்ட்டும் பிரியாணியும் கிடைத்தன.

உள்ளே ஒரு கடிதம், தமிழில். ஆளுநருக்கு அட்டெஸ்ட் செய்யும் வழக்கம் இல்லையென்று தன் காரியதரிசி சொல்வதாகவும், ஆனால் சரிபார்ப்பதை யாரும் தடுக்க முடியாது என்பதால் அதைத் தானே செய்துவிட்டு, அண்டர் செக்ரட்டரியிடம் கையெழுத்து வாங்கியதாகவும் எழுதியிருந்தார். மூன்றாவது நகலில் கணக்கு மார்க் பத்தொன்பது என்று இருந்ததாம். திருத்தியிருந்தார். அடித்தவன் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு யாராவது படிக்காமல் குத்தித் தள்ளியிருந்தால் அந்தப் பெண் பத்தொன்பதோடு போயிருப்பாள். கடைசி வரி: ‘ஒரிஜினலைத் தபாலில் அனுப்பிய புத்திசாலியை நான் விசாரித்ததாகச் சொல்லவும்.’

மும்தாஜுக்கு இடம் கிடைத்தது. ஊர் மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார்.

புகழஞ்சலிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பாலங்களைப் பற்றி எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். திரும்பும்போது மும்தாஜைப் பார்த்தேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், தலை முழுக்க வெள்ளை. பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை என்றாள். வாப்பா போய்ச் சேர்ந்ததைச் சொன்னாள். படியிறங்கும்போது, “உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன் அண்ணே” என்று நின்றாள்.

“நானும் கெஜட்டட் ஆனேன், தெரியுமா? அன்னைக்கே ரப்பர் ஸ்டாம்பு செய்யக் குடுத்துட்டேன். பக்கத்து பில்டிங், வாட்ச்மேன், காய்க்காரம்மா எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன், ஞாயித்துக்கிழம காலைல நான் வீட்ல இருப்பேன்னு. அந்த வருஷந்தான் சர்க்கார்ல, இனி அவங்கவங்க நகலுக்கு அவங்கவங்களே கையெழுத்துப் போட்டாப் போதும்னு சொல்லிட்டாங்க.”

“நல்ல சட்டந்தானே” என்றேன்.

“நல்ல சட்டந்தான். எத்தன பேரு வாசல்ல நின்னிருக்கோம்.” கைப்பிடியைப் பற்றி இன்னொரு படி இறங்கினாள். “இருந்தாலும் நாலு ஞாயித்துக்கிழம கதவத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் அண்ணே. ஒருத்தரும் வரல.”