தார்ச்சட்டி கவிழ்ந்த சரிவு

தார் வாசனை வந்தாலே எனக்கு என் பழைய காக்கி டவுசர்தான் ஞாபகம் வருகிறது...

உலகச் சண்டை நடந்த வருஷங்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரி போட்டு ஓட்டினார்கள். அந்தக் கரிக்காகப் புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளில் மரம் வெட்டினார்கள். எந்த மரத்தை வெட்டலாம் என்று தாரில் கோடு போட்டுக் காட்டுவது ஃபாரஸ்ட் கார்டு வேலை. அந்த கார்டு அடியேன். படிப்பு எட்டாங் கிளாஸ். வளர்ந்தது ஆலங்குடிச் சமதரையில். அதுவரை நான் ஏறிய பெரிய உயரம் ஒரு தென்னை மரம், அதிலும் பாதிதான்.

குன்றின் மேலே மாட்டுவண்டி அளவுக்குப் பாறைகள். அவற்றை உசிலை மரங்களின் வேர்தான் பிடித்து நிறுத்தியிருந்தது. நேர் கீழே கருப்பாயி அக்காவின் வீடு. புருஷன் இல்லை, மூன்று பெண்பிள்ளைகள்.

அன்று தார்ச்சட்டியோடு ஏறப் போனவனை அக்கா நிறுத்தினார்.

“தம்பி, எங்க வீட்டுக்கு மேல நிக்கிற மரத்த மட்டும் விட்டுருங்க. மழையில பாறை உருண்டா இந்தப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் எங்கிட்டுப் போவேன்?”

“என் கையில என்னக்கா இருக்கு? மேல சொல்றாங்க, நான் கோடு போடுறேன்.”

சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

மேற்குச் சரிவை முடித்துவிட்டு அக்கா வீட்டுக்கு மேலே வந்தேன். கால் சறுக்கியது... பத்தடி தூரம் உட்கார்ந்தபடியே இறங்கினேன். சட்டி கவிழ்ந்து தார் முழுக்க டவுசரில்.

விறகு பொறுக்க வந்த பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏய், கார்டய்யா தன்னையே வெட்டச் சொல்லிக் கோடு போட்டுக்கிட்டாருடி” என்றாள் ஒருத்தி.

சாயங்காலம் ரேஞ்சர் கேட்டார்.

“எல்லாத்துக்கும் போட்டாச்சா?”

விழுந்த கதையைச் சொன்னால் ஆபீஸே சிரிக்கும். “போட்டாச்சுங்க” என்றேன்.

வெட்ட வந்தவர்கள் கோடு இருந்ததை மட்டும் வெட்டினார்கள். அக்கா வீட்டுக்கு மேலே மட்டும் ஒரு பட்டையாக மரங்கள் அப்படியே நின்றன.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மொட்டையாகிக் கிடந்த மேற்குச் சரிவு மண்ணோடு இறங்கியது. அந்தப் பக்கம் வீடு இல்லை, இரண்டு மாட்டுக் கொட்டகைகள் போயின. அக்கா வீட்டை நோக்கி உருண்ட பாறைகளோ மரங்களில் முட்டி நின்றுவிட்டன. ஒன்று மட்டும் பின்சுவருக்கு நாலு முழத்தில்.

ரேஞ்சர் வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“வீட்டுக்கு மேல மரத்த விடணும்னு ஒனக்கு எப்படிப்பா தோணுச்சு?”

நான் தலையைச் சொறிந்தேன்.

அதன்பிறகு எங்கே மரம் வெட்டினாலும், வீடுகளுக்கு மேலே ஒரு பட்டையாக மரங்களை விட்டோம். வெட்டியதிலும் சில கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே போட்டோம், கல் வந்தால் தடுக்கட்டும் என்று. இதை மட்டும் நான் தெரிந்தே செய்தேன்.

இப்போது கரி பஸ் இல்லை. பக்கத்துக் குன்றுகளைக் கல்லுக்காக உடைத்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு மேலே அந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. போன மாதம் என் மகனோடு போனேன். கருப்பாயி அக்கா இப்போது இல்லை. மூத்த மகள் தன் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு என்னைக் காட்டினாள்.

“இவுக அன்னைக்கு மனசு வச்சாக. அதுனாலதான் நாம இருக்கோம்.”

என் மகன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். கொடுத்த மோரைக் குடித்தேன்.

சட்டியில் தார் மிச்சம் இருந்திருந்தால் அந்த மரங்களுக்கும் கோடு போட்டிருப்பேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.