எமன் விரும்பாத பெயர்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த எமர்ஜென்சி காலத்தில், கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு ஓர் உபதேசியார் சைக்கிளில் வருவார். வழுக்கைத் தலை, பெரிய குடை. வேதத்தில் உள்ள பெயர் எது காதில் விழுந்தாலும், அதற்கு எபிரெய அர்த்தம் சொல்லாமல் நகரமாட்டார்.

தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் பால்வெட்டும் ஒருத்திக்கு இரண்டு பிள்ளைகள் தவறி, மூன்றாவது பிறந்திருந்தது. பெயர் வைக்க அவரை அழைத்தாள். ஊரடங்கு என்பதால் மாலை ஆறு மணிக்கு முள்வேலிக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் அவர் வெளியே போயாக வேண்டும்.

“தாவீதுன்னு வைம்மா. பிரியமானவன்னு அர்த்தம்.”

“ஐயையோ, எமனுக்கும் பிரியம் வந்துடும்லா! ரெண்டுக்கும் நல்ல பேரா வெச்சுத்தான் பறிகொடுத்தேன். குப்பை, பிச்சைன்னு எதாச்சும் சொல்லுங்க ஐயா.”

“வேதத்துல குப்பைக்கு எங்கம்மா போவேன்?”

வேர்க்க விறுவிறுக்கப் பக்கங்களைப் புரட்டினார்.

“நாபால்னு ஒருத்தன் இருக்கான். முட்டாள்னு அர்த்தம்.”

“அதையே வைங்க!”

வைத்தார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஞாயிறுதோறும் முழங்குகிற மனிதர். கேட்டைப் பூட்டப் போகும் நேரத்தில், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து லயமே அதிரக் கத்தினார்.

“ஏலேய் நாபாலு! முட்டாப்பயலே!”

எமன் காதில் விழட்டும் என்றுதான் கத்தியிருப்பார். கேட்டால் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.