கௌசிகா காற்றில் வரைந்த தென்னை

சித்தூரில் கௌசிகாவை ஓவியம் படித்தவள் என்றால் நாலு பேருக்குத் தெரியும். கள் இறக்கிக்கொண்டிருந்த லோகேஷின் பெண்டாட்டி என்றால்தான் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும். கல்யாணமாகியும் அவள் வரைவதை விடவில்லை. காகிதம், துணி, சுவர் எல்லாம் தீர்ந்து இப்போது காற்றில் வரைகிறாள். முகத்தை மூடும் வி.ஆர். கண்ணாடியை மாட்டி, இரண்டு கையிலும் பிடிகளை வைத்துக்கொண்டு, நடுவீட்டில் நின்று வெறும் வெளியில் கோடு இழுப்பாள். பார்க்கிறவர்களுக்குக் கொசு அடிப்பதுபோல இருக்கும். கண்ணாடிக்குள்ளே பார்த்தால், சுற்றி வந்து பார்க்கலாம் போல ஒரு மரம் நிற்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோகேஷ் தென்னையிலிருந்து விழுந்தான். இடுப்பு தேறிவிட்டது. இப்போது மளிகைக்கடையில் பொட்டலம் கட்டுகிறான். ஆனால் வாரம் தவறாமல் வீட்டில் அதே சண்டை.

"நீ மட்டும் தடுக்கலைன்னா நான் எப்பவோ மரத்து மேல இருந்திருப்பேன் புள்ள."

"இன்னொருக்கா உளுந்தா என்னால தாங்க முடியாதுங்க."

பேசித் தீராததை வரைந்து தீர்க்கலாம் என்று நினைத்தாள் பாவம். மரம் ஏறுகிற ஆசையைக் கண்ணாடிக்குள்ளேயே ஏறித் தணித்துக்கொள்ளட்டும் என்று ஒரு தென்னையை அடி முதல் குருத்து வரை வரைந்தாள். கீழே வயல், வாய்க்கால், ஓட்டு வீடுகள். கல்யாண மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி திறப்பதற்கு முன்னால் அவனைத்தான் முதலில் ஏற்றினாள்.

லோகேஷ் வேட்டியை மடித்துக் கட்டினான். பிடிகளை மாற்றி மாற்றி இழுக்க, கண்ணாடிக்குள் மரம் இறங்கியது, அவன் ஏறினான். உச்சிக்குப் போனதும் மண்டபம் அதிரக் குரல் கொடுத்தான்.

"ஏனுங்கோ! மரத்து மேல இருக்கேனுங்கோ!"

அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் குளிக்கிற மறைப்புக்குக் கூரை கிடையாது. மரமேறுகிறவன் கீழே பார்க்கும் முன் சத்தம் கொடுப்பான். கீழே குளிக்கிற பெண் பதில் குரல் கொடுத்துத் துணியைச் சுற்றிக்கொள்வாள். வரைந்த ஊரில் யார் குளிக்கப்போகிறார்கள்? படம் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கௌசிகாவும் சிரித்தாள்.

அவன் பதிலுக்குக் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் கீழே பார்த்தான்.

பிடிகளை இறுக்கிய விரல்கள் வெளுத்தன. சிமெண்டுத் தரையில் நின்றவன் இல்லாத மரத்தைக் கட்டிப்பிடிக்கப் போனான். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது.

"புள்ள, என்னெ எறக்கி உடு."

கண்ணாடியைக் கழற்றினால் போதும். ஆனால் அவள் ஓடிப்போய் முதலில் அவனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் கழற்றினாள். முகமெல்லாம் வேர்வை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"நீ தடுத்தேன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். எனக்குத்தான் பயம் புள்ள."

இனி அவன் மரம் ஏறமாட்டான். இரண்டு வருஷமாக அவள் சாமியிடம் கேட்டது அதுதான். கிடைத்த நிமிஷத்தில் அவளுக்கு அழுகைதான் வந்தது. பக்கத்திலேயே படுத்துக்கொண்டு இத்தனை நாளும் இதை ஒற்றையாளாகச் சுமந்திருக்கிறானே!

"எனக்கும் பயந்தானுங்க," என்று சொல்லி அவளும் தரையில் உட்கார்ந்தாள்.